மெட்டு வாசிக்க ஒரு கான்செர்டினா: வடிவமைப்பு முதல் சுருதி வரை முழு வழிகாட்டி

கான்செர்டினா என்பது நடுவில் உள்ள துருத்தியை இரு கைகளாலும் அமுக்கி இழுத்து, இரு பக்கப் பட்டன்களால் வாசிக்கும் சிறு பெட்டி வாத்தியம். அதை வடிவமைக்க உட்காருபவர்களில் பெரும்பாலானோர் முதல் நாளே ஓர் அறுகோணத்தை வரைந்துவிடுகிறார்கள். அப்புறம் துருத்திக்கு என்ன நிறத் தோல், முகப்பில் என்ன கொடி வேலை என்று பேச்சு நகர்கிறது. எந்த விரலுக்கு எந்த ஸ்வரம் என்ற கேள்வி எழும்போது பெட்டி பாதி முடிந்திருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில் பட்டன்களைத் திணிக்க வேண்டியதாகிவிடும்.

வேலையை மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். முதலில் மெட்டுகள், அவற்றிலிருந்து ஸ்வர அட்டவணை, அதிலிருந்து பட்டன் அமைப்பு, அதைச் சோதிக்க ஓர் அட்டை மாதிரி. அதன் பிறகு ரீடு (காற்று பட்டு அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு), ரீடு பலகை, லீவர், துருத்தி. வெளிப்பெட்டி கடைசியில்தான். ஒவ்வொன்றின் அளவும் அதற்கு முந்தையதிலிருந்து கிடைப்பதால் இந்த வரிசையை மாற்றினால் எங்காவது ஒரு வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.

நீங்களே செய்தாலும் சரி, செய்து தருபவரிடம் கொடுத்தாலும் சரி, 5ஆம் படி வரை உங்கள் வேலை. அதை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

இங்கே பேசுவது ஒற்றை மெட்டு வாசிப்பு மட்டும். இடது கையில் பக்கவாத்தியம்போலக் கூட்டு ஸ்வரங்கள் வேண்டுமென்றால் கணக்கு வேறு. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீடின் சுருதி நின்ற இடத்தில் நிற்கும். ஸ்வரத்தை இழுத்து, வளைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இசைக்கு எவ்வளவு நுட்பமாக வடிவமைத்தாலும் இந்த வாத்தியம் ஒத்துவராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் உண்மையில் வாசிக்கிற, வாசிக்க விரும்புகிற முப்பது நாற்பது மெட்டுகள் எழுத்து வடிவில் வேண்டும். 'எல்லாவிதமும் வாசிப்பேன்' என்பது பட்டியல் ஆகாது.

சென்ட் அளவு காட்டும் ட்யூனர், டிஜிட்டல் காலிப்பர், கிராம் கணக்கில் எடை காட்டும் சிறு தராசு, முழு அளவில் வரையப் பெரிய தாள் ஆகியவையும் தேவை. ஒரு அரைஸ்வர இடைவெளி 100 சென்ட். இந்த அளவு பின்னால் அடிக்கடி வரும்.

முடிந்தால் ஏதாவது ஒரு கான்செர்டினாவைச் சில நாள் இரவல் வாங்கி வையுங்கள். வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. துருத்தியைத் திருப்பும்போது கை எப்படி நகர்கிறது என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

2. மெட்டுகளிலிருந்து ஸ்வரங்களை எண்ணுங்கள்

ஒவ்வொரு மெட்டையும் எடுத்து, எந்த ஸ்வரம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி அட்டவணை போடுங்கள். மிகக் கீழ் ஸ்வரம், மிக மேல் ஸ்வரம், இடையில் ஒவ்வொன்றின் எண்ணிக்கை. அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

புதியவர்கள் எல்லையை மட்டும் குறித்துவிட்டு எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். எல்லை சொல்வது வாத்தியம் எவ்வளவு பெரிது என்பதை. எண்ணிக்கை சொல்வது எந்த ஸ்வரத்தைத் தயங்காமல் நீக்கலாம், எதற்கு இரண்டாவது பட்டன் தரலாம் என்பதை.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பின்தொடர்வோம். மெட்டுகள் பெரும்பாலும் ஜி மேஜரிலும் டி மேஜரிலும் இருக்கின்றன, கீழ் எல்லை ஜி3, மேல் எல்லை சி6 என்று வைத்துக்கொள்வோம். ஜி, டி, சி போன்ற எழுத்துகள் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள், எழுத்துக்குப் பின் வரும் எண் ஸ்தாயியைக் குறிக்கிறது. ஏ4 என்றால் 440 ஹெர்ட்ஸ், ஜி3 என்றால் 196 ஹெர்ட்ஸ், சி6 என்றால் சுமார் 1046.5 ஹெர்ட்ஸ். இந்த எல்லைக்குள் அரைஸ்வரங்களையும் சேர்த்தால் மொத்தம் 30 ஸ்வரங்கள்.

அட்டவணையைப் பார்த்தால் ஜி ஷார்ப் 3, ஏ ஷார்ப் 3 இரண்டும் வெறுமையாக இருக்கும் (ஷார்ப் என்றால் அரைஸ்வரம் மேலே). தூக்கிவிடுங்கள். மிஞ்சுவது 28.

ஒன்றிரண்டு மெட்டுகள் மட்டும் எல்லைக்கு வெளியே போனால் அவற்றை வேறு சுருதிக்கு மாற்றி வாசியுங்கள். அவற்றுக்காகப் பட்டன் சேர்க்க வேண்டாம். ஒரு பட்டன் கூடினால் இரண்டு ரீடு, அவை உட்கார ஓர் அறை, ஒரு லீவர், ஒரு ஸ்பிரிங், காற்றுத் துளையை மூடும் ஒரு பேடு எல்லாம் கூடுகின்றன. கீழ் ஸ்வரமானால் ரீடும் நீளம், அறையும் பெரிது. பெட்டியே பெருத்துவிடும்.

3. இரு திசையிலும் ஒரே ஸ்வரமா, வேறு ஸ்வரமா

கான்செர்டினாவில் இரண்டு பெரும் பிரிவுகள். ஆங்கிலோ வகையில் ஒரே பட்டன் துருத்தியை அமுக்கும்போது ஒரு ஸ்வரமும் இழுக்கும்போது வேறொரு ஸ்வரமும் தரும். இங்கிலீஷ் வகையிலும் டூயட் வகையிலும் இரு திசையிலும் ஒரே ஸ்வரம்.

ஆங்கிலோவின் லாபம், குறைந்த பட்டனில் அதிக ஸ்வரம். சி வரிசையில் அமுக்கினால் சி, ஈ, ஜி. இழுத்தால் டி, எஃப், ஏ, பி. துருத்தி அடிக்கடி திரும்புவதால் நடன மெட்டுகளுக்கு ஒரு துள்ளல் தானாக வருகிறது. நீண்ட, வெட்டுப்படாத வரிகளுக்கு அதே திருப்பங்கள் தொல்லை. எந்த ஸ்வரத்துக்கு எந்தத் திசை என்று முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும்.

டூயட் வகையில் கீழ் ஸ்வரங்கள் இடது கையில், மேல் ஸ்வரங்கள் வலது கையில். மெட்டு மட்டும் வாசித்தால் வலது கை உழைக்க, இடது கை வெறுமனே துருத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒற்றை மெட்டுக்காகவே புதிதாக ஒன்றைச் செய்யும்போது இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலீஷ் அமைப்பில் ஸ்வர வரிசை இடது, வலது என்று கை மாறி மாறிப் போகும். ஒரு கை ஒலிக்கும்போது மறு கை அடுத்த பட்டனுக்குத் தயாராகிவிடுவதால் வேகமான ஓட்டங்கள் எளிது. நம் உதாரணத்துக்கு இதையே அடித்தளமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில் நடன மெட்டுகளே அதிகம், அவையும் இரண்டே சுருதிகளில் அடங்குகின்றன என்றால் ஆங்கிலோ பக்கம் போங்கள். கீழே வரும் படிகள் அதற்கும் பொருந்தும், பட்டன் வரைபடம் மட்டும்தான் வேறு.

4. எந்த ஸ்வரம் எந்தப் பட்டனுக்கு

வழக்கமான 48 பட்டன் இங்கிலீஷ் கான்செர்டினாவில் ஒவ்வொரு பக்கமும் நான்கு வரிசை. நடு இரண்டு வரிசைகளில் இயல்பு ஸ்வரங்கள், ஓரத்து வரிசைகளில் ஷார்ப்பும் ஃபிளாட்டும் (அரைஸ்வரம் கீழே). ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் தனித்தனிப் பட்டன்கள் உண்டு. டி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் அப்படியே. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைஸ்வரங்களாகப் பிரிக்கும் சம இடைவெளிச் சுருதியில் இந்த இணைகள் ஒரே ஸ்வரம்தான். சிலர் விரல் வசதிக்காக இந்த இரட்டைப் பட்டன்களைப் பயன்படுத்துகிறார்கள். நாம் புதிதாகச் செய்வதால் அந்த இடங்களை நமக்கு வேண்டிய ஸ்வரங்களுக்குக் கொடுக்கலாம்.

நம் 28 ஸ்வரங்களைப் பிரிப்போம். ஜி3 முதல் சி6 வரை இயல்பு ஸ்வரங்கள் 18. ஜி3 வலது, ஏ3 இடது, பி3 வலது, சி4 இடது என்று மாறி மாறி வைத்தால் பக்கத்துக்கு 9. ஷார்ப் ஸ்வரங்கள் 10. ஒவ்வொன்றையும் அதன் இயல்பு ஸ்வரம் இருக்கும் கையிலேயே, அதற்குப் பக்கத்தில் வையுங்கள். சி ஷார்ப் 4 இடதில், எஃப் ஷார்ப் 4 வலதில் என்று போட்டுக்கொண்டே போனால் பக்கத்துக்கு 5 வரும்.

ஒரே கையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டி மேஜரில் எஃப், சி இரண்டும் ஷார்ப் ஆகின்றன. ஷார்ப் அதே கையில் இருந்தால் இடது, வலது என்ற ஓட்டம் எந்தச் சுருதியிலும் கலையாது. 'இங்கே இடம் காலியாக இருக்கிறதே' என்று ஷார்ப்பை எதிர்க்கையில் போடுபவர்கள், ஒரு மேஜர் ஸ்கேலை வாசித்துப் பார்த்த உடனே அதை மாற்றுகிறார்கள்.

இப்போது பக்கத்துக்கு 14. இன்னும் ஒவ்வொன்று சேர்த்து 15 ஆக்கலாம். கூடுதல் பட்டனுக்கு எல்லையை நீட்ட வேண்டாம். அதிகம் வரும் இரண்டு ஸ்வரங்களை எதிர்க்கையில் மறுபடி வையுங்கள். ஏ4 வலதில் இருக்கிறது, இன்னொரு ஏ4 இடதில். டி5 இடதில் இருக்கிறது, இன்னொரு டி5 வலதில்.

ஒற்றை மெட்டுக்கு இந்த இரட்டிப்பு தரும் லாபம் பெரியது. ஒரே ஸ்வரம் மூன்று முறை வேகமாக வரும் இடத்தில் ஒரே பட்டனை ஒரு விரலால் தட்டுவதைவிட இரு கையாலும் மாற்றி மாற்றித் தட்டுவது எளிது. இன்னொரு சிக்கலும் தீர்கிறது. இந்த அமைப்பில் ஓர் இடம் தாண்டிய ஸ்வரங்கள் எல்லாம் ஒரே கையில் விழுகின்றன. டி4, எஃப் ஷார்ப் 4, ஏ4 மூன்றும் வலதில். அப்படித் தாவும் வரிகளில் ஒரு கை திணற, மறு கை சும்மா இருக்கும். இடது ஏ4 அந்த இடத்தில் கைகொடுக்கும்.

ஸ்தாயி மாறும்போது கையும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு ஸ்தாயிக்குள் ஏழு படிகள், ஒற்றைப்படை எண். அதனால் டி4 வலதில் என்றால் டி5 இடதில். பழகும் வரை குழப்பும். இதைச் சரிசெய்யப் போய் அமைப்பை உடைக்காதீர்கள்.

மொத்தம் 30 பட்டன்கள், 60 ரீடுகள். 48 பட்டன் இங்கிலீஷ் வகையில் இது 96. குறைந்த 36 ரீடுகளின் எடையும் இடமும் சுருதி சேர்க்கும் வேலையும் உங்களுக்கு மிச்சம்.

5. அட்டை மாதிரி

மரத்தைத் தொடும் முன் முழு அளவில் இரண்டு முகப்புகளைத் தடித்த அட்டையில் செய்யுங்கள். பட்டன்களுக்கு 6 மி.மீ. அளவில் ஏதாவது குமிழ்களை ஒட்டுங்கள். மையத்துக்கு மையம் 13 மி.மீ. இடைவெளியில் தொடங்கலாம். விரல் தடித்தவர்கள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பட்டன்களை நேர்கோட்டில் வைக்காதீர்கள். கையைத் தளர்வாக மேசையில் வைத்து விரல் நுனிகளைக் குறித்தால் ஒரு வளைவு கிடைக்கும். வரிசைகள் அந்த வளைவைப் பின்பற்றட்டும். நேர்வரிசையில் நடுவிரல் மடங்கியும் சுண்டுவிரல் விறைத்தும் நிற்கும்.

பிடிமானத்தையும் இப்போதே பொருத்துங்கள். இங்கிலீஷ் வகையில் கட்டைவிரல் வாரும் சுண்டுவிரல் தாங்கியும். ஆங்கிலோவில் கை முழுவதையும் சுற்றும் வாரும் ஒரு மரத் தாங்கியும். கட்டைவிரல் வார் மற்ற விரல்களுக்குச் சுதந்திரம் தரும், ஆனால் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்கும். மாதிரிக்குள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை கட்டி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். வலி எடுத்தால் வாரை மாற்றும் நேரம் இதுதான்.

இனி மெட்டை வாயால் முனகிக்கொண்டே பட்டன்களை அழுத்துங்கள். முதலில் பாதி வேகம், அப்புறம் முழு வேகம். ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு பட்டன்களுக்குத் தாவும் இடங்களை எல்லாம் தாளில் சிவப்பில் வட்டமிடுங்கள். பட்டியலில் பாதி முடியும்போதே எந்தப் பட்டன் தவறான இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குமிழைப் பிய்த்து வேறிடத்தில் ஒட்டி மறுபடி வாசியுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். ஒலி வராத அட்டையில் என்ன தெரியும் என்பார்கள். விரலுக்கு ஒலி வேண்டாம், தூரம்தான் வேண்டும். குறைந்தது ஒரு வாரமாவது மாதிரியோடு பழகுங்கள். சிவப்பு வட்டங்கள் குறைவது நின்றால் அமைப்பு முடிந்துவிட்டது, பட்டன் மையங்களை அளந்து உறுதிசெய்யுங்கள். இனி அவை நகரக்கூடாது.

6. ரீடு தேர்வு

இரண்டு வழி. கான்செர்டினாவுக்கென்றே செய்யப்படும் ரீடில் எஃகு நாக்கு ஒன்று, பித்தளை அல்லது அலுமினியச் சட்டத்தில் திருகால் இறுக்கப்பட்டு, சட்டம் ரீடு பலகையின் சரிவான பள்ளத்தில் செருகப்படும். அக்கார்டியன் ரீடில் ஓர் அலுமினியத் தகட்டின் இரு பக்கமும் இரண்டு நாக்குகள் ரிவிட் அடிக்கப்பட்டிருக்கும்.

இரு திசையிலும் ஒரே ஸ்வரம் தரும் நம் அமைப்புக்கு அக்கார்டியன் தகடு வசதி. ஒரு தகடு, ஒரு பட்டன், ஆக 30 தகடுகள். செருகும் ரீடுகளின் தொனி வேறு, கழற்றி மாட்டுவதும் எளிது, ஆனால் 60 பள்ளங்களைத் துல்லியமாக வெட்ட வேண்டும். முதல் வாத்தியத்துக்கு அக்கார்டியன் ரீடே போதும்.

ரீடுகள் கையில் வந்து, காலிப்பரால் அளந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். அட்டவணையில் உள்ள அளவை நம்பி அறையை வெட்டினால் தகடு உட்காராது. எல்லாத் தகடுகளின் நீளம், அகலம், கனம் ஒரு தாளில் இருக்கட்டும்.

ஒரே கனமுள்ள நாக்கில், ஸ்தாயி ஒன்று இறங்க நீளம் சுமார் 1.41 மடங்காக வேண்டும். கீழ் ஸ்வரங்கள் இடத்தை விழுங்குவது இதனால்தான். நாக்குக்குக் கனம் சேர்த்து நீளத்தைக் குறைக்க நினைத்தால் சுருதி ஏறிவிடும். அதைச் சமாளிக்க நாக்கின் நுனியில் எடை ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட ரீடு தாமதமாகப் பேசும், அதாவது ஒலிக்கத் தொடங்க நேரமாகும். வேகமான மெட்டின் நடுவில் வரும் ஸ்வரத்துக்கு அதை வைக்காதீர்கள்.

7. ரீடு பலகையும் அறைகளும்

ஒவ்வொரு பட்டனின் இரண்டு ரீடுகளும் ஒரு தனி அறையில் உட்காரும். அந்த அறைக்கு மேலே, லீவர்களைத் தாங்கும் ஆக்‌ஷன் பலகையில் ஒரு துளை, துளையை மூடியபடி ஒரு பேடு. அறைகளை முதலில் அடுக்கினால் துளைகளின் இடம் தானாக வந்துவிடும்.

கீழ் ஸ்வரங்களுக்குப் பெரிய அறை, மேல் ஸ்வரங்களுக்குச் சிறிய அறை. எல்லா அறைகளையும் ஒரே ஆழத்தில் வெட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. ஆழம் அதிகமான அறையில் மேல் ஸ்வர ரீடு தயங்கிப் பேசும், சில நேரம் பேசவே பேசாது. அதைப் பார்த்து ரீடைக் குறைசொல்லி அரத்தை எடுத்துவிடுகிறார்கள். பழைய கான்செர்டினாக்கள் சிலவற்றில் பலகையே ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருப்பது அறையின் ஆழம் படிப்படியாகக் குறைவதற்காகத்தான்.

ரீடு பேச வேண்டிய திசைக்கு எதிராகக் காற்று வரும்போது நாக்கு அசையும் பிளவை மூட மெல்லிய தோல் வால்வு வேண்டும். வால்வு இல்லாவிட்டால் பேசாத ரீடு வழியாகவும் காற்று வீணாகும். மிக மேல் ஸ்வரங்களில் பிளவு சிறிதென்பதால் பெரும்பாலும் வால்வை விட்டுவிடுவார்கள்.

அறைகளின் சுவர் உச்சி எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்து, ஆக்‌ஷன் பலகையோடு மெல்லிய தோலால் அடைபட வேண்டும். ஒரு முடியளவு இடைவெளி இருந்தாலும் பக்கத்து அறைக்குக் காற்று கசிந்து இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து முனகும்.

பலகைக்கு நன்கு உலர்ந்த, கால்வெட்டு முறையில் (வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி) அறுத்த மேப்பிள் போன்ற மரம் நல்லது. அப்படி அறுத்த மரம் ஈரப்பதத்துக்கு ஏற்பக் குறைவாகவே சுருங்கி விரியும். செருகும் ரீடு வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம். மரம் சுருங்கினால் சட்டம் தளர்ந்து, நேற்றுவரை பேசிய ஸ்வரம் இன்று இழுக்கும்.

8. லீவர், பேடு, ஸ்பிரிங்

பட்டன் மையங்கள் 5ஆம் படியிலிருந்து, துளை மையங்கள் 7ஆம் படியிலிருந்து. இரண்டையும் ஒரே தாளில் முழு அளவில் வரைந்து, பட்டனிலிருந்து துளைக்கு ஒவ்வொரு லீவராக வரையுங்கள். எந்த லீவரும் வேறொரு பட்டனையோ லீவரையோ தொடக்கூடாது. குறைந்தது 1 மி.மீ. இடைவெளி வையுங்கள். வளைத்தே ஆக வேண்டுமென்றால் லீவரைப் படுக்கைவாட்டில் வளைக்கலாம். முப்பதில் ஒன்றிரண்டு கண்டிப்பாக முட்டும். அப்போது பட்டனை நகர்த்தாதீர்கள், இரண்டு அறைகளை இடம் மாற்றுங்கள்.

பேடு எவ்வளவு உயர வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. துளையின் பரப்புக்குக் குறையாத வழி அதன் சுற்றளவைச் சுற்றித் திறக்க வேண்டும். வட்டத் துளைக்கு இந்தக் கணக்கு, விட்டத்தில் நாலில் ஒரு பங்கு என்று வரும். 10 மி.மீ. துளை என்றால் 2.5 மி.மீ. லீவரும் பக்கத்துப் பேடுகளும் காற்றை மறிப்பதால் மூன்றில் ஒரு பங்காக, சுமார் 3.3 மி.மீ. ஆக, வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் 3 மி.மீ. இறங்கினால் லீவரின் பேடு பக்கக் கை, பட்டன் பக்கக் கையைவிட 1.1 மடங்கு நீளம் வேண்டும்.

இந்த விகிதத்தை எல்லா லீவருக்கும் ஒன்றாக வைப்பது முக்கியம். லீவரின் மொத்த நீளம் மாறினாலும் பரவாயில்லை, அச்சு நிற்கும் இடத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். அச்சுகளை எல்லாம் ஒரே கோட்டில் நட்டுவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு பட்டன் லேசாகவும் அடுத்தது கனமாகவும் இருக்கும். வேகமாக வாசிக்கும்போது விரல் அந்த வித்தியாசத்தில் தடுக்கி விழும்.

ஸ்பிரிங்குக்கும் கணக்கு உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 160 மி.மீ. உள்ள அறுகோணத்தின் பரப்பு சுமார் 222 சதுர செ.மீ. இரண்டு கிலோ எடைக்குச் சமமான விசையில் துருத்தியை அமுக்கினால், உள்ளே ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 9 கிராம் அழுத்தம். 10 மி.மீ. துளையின் பரப்பு 0.79 சதுர செ.மீ. அதாவது காற்று பேடை வெளியே தள்ளும் விசை சுமார் 7 கிராம். பலமாக அமுக்கினால் இது இரண்டு மடங்காகும்.

ஸ்பிரிங் அதைத் தாங்கி, பேடின் தோலையும் துளையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டனில் 50 முதல் 60 கிராம் வரை தொடங்கி, தராசில் அளந்து எல்லாவற்றையும் ஐந்து கிராம் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். 'லேசாக இருந்தால் வேகமாக வாசிக்கலாம்' என்று ஸ்பிரிங்கைத் தளர்த்துபவர்களுக்கு, உரத்து அமுக்கும்போது மட்டும் வேறு ஏதோ ஸ்வரம் முனகும். இழுக்கும்போது கேட்காது. காரணம் புரியாமல் பேடு, வால்வு என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பட்டன் முழுவதும் இறங்கிய நிலையில் அதன் தலை முகப்புக்குச் சற்று மேலேயே நிற்கட்டும். உள்ளே போய்விட்டால் விரல் துளையின் ஓரத்தில் உரசும்.

9. துருத்தி

பெரிய அறுகோணம் அதிகக் காற்று தரும், ஆனால் அதே விசைக்குக் குறைந்த அழுத்தம். 160 மி.மீ.இலிருந்து 180 மி.மீ. ஆனால் பரப்பு 281 சதுர செ.மீ. ஆகிறது. அதே அழுத்தத்துக்குக் கை நாலில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகத் தள்ள வேண்டும். ஒற்றை ஸ்வரம் வாசிக்கும்போது காற்று குறைவாகவே செலவாகும். அதனால் ரீடு பலகை அனுமதிக்கிற மிகச் சிறிய அளவுதான் சரி. நம் 60 ரீடுகளை 160 மி.மீ.க்குள் அடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆறு மடிப்பு போதும். 25 செ.மீ. விரிந்தால் ஐந்தரை லிட்டர் காற்று. ஆங்கிலோவில் ஒரே திசையில் நிறைய ஸ்வரங்கள் குவியலாம் என்பதால் ஏழு மடிப்பும், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் காற்றுப் பட்டனும் அவசியம். நம் அமைப்பில் காற்றுப் பட்டன் இல்லாமலும் வாசிக்கலாம், ஆனால் ஒலியில்லாமல் மூடி வைக்க ஒன்று இருக்கட்டும்.

அட்டை, துணிக் கீல், மூலைகளுக்கு மெல்லிய ஆட்டுத்தோல். மூலைத் தோல் ஓரங்களைச் சீவி மெலிதாக்காமல் ஒட்டினால் துருத்தி முழுவதும் மூடாது, விறைப்பாகவும் இருக்கும். இரண்டு முனைகளையும் பலகையால் அடைத்து, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். மறுமுனை மெதுவாக இறங்கினால் சரி. சட்டென்று விழுந்தால் கசிவு இருக்கிறது.

10. முகப்பும் வெளிப்பெட்டியும்

உலோக முகப்பு பிரகாசமான ஒலி தரும், மர முகப்பு சற்று மென்மை. எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நம் மெட்டு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கை மாறுவதால், ஒரு பக்கத்துத் திறப்புகள் கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றுவிட்டு ஒரு ஸ்வரம் மங்கிக் கேட்கும். கொடி வேலையை அழகுக்காக ஒரு பக்கம் மட்டும் அடர்த்தியாக்க வேண்டாம்.

11. சுருதி சேர்த்தல்

நாக்கின் நுனிப்பக்கம் அரமிட்டால் சுருதி ஏறும், இறுக்கிய அடிப்பக்கம் அரமிட்டால் இறங்கும். நாக்குக்குக் கீழே மெல்லிய தகடு ஒன்றைச் செருகித் தாங்கிக்கொண்டு நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்குக் கீறல் விழுந்தால் பின்னால் அதே இடத்தில் நாக்கு உடையும்.

முதலில் நாக்கின் நுனி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ நுனியின் கனம் அளவுக்கு இருந்தால் நல்ல தொடக்கம். தாழ்ந்திருந்தால் பலமாக அமுக்கும்போது ரீடு அடைத்துக்கொள்ளும். உயர்ந்திருந்தால் தாமதமாகப் பேசும், காற்றையும் தின்னும். சுருதி சேர்த்த பிறகு இதைத் திருத்தினால் சுருதி மறுபடி நகரும். அதனால் எப்போதும் இதுவே முதல் வேலை.

வெளியே மேசையில் தோராயமாகச் சேர்த்து, வாத்தியத்துக்குள் வைத்தபின் நுணுக்கமாகச் சேருங்கள். அறையின் தாக்கத்தால் சில சென்ட் மாறியிருக்கும். நடுத்தர அழுத்தத்தில் அளங்கள். கீழ் ஸ்வரங்கள் பலமாக அமுக்கினால் சுருதி தாழும்.

ஒரே பட்டனின் அமுக்கும் ரீடும் இழுக்கும் ரீடும் 2 சென்ட்டுக்குள் ஒத்திருக்கட்டும். ஏ4இல் 4 சென்ட் வித்தியாசம் என்றால் சுமார் 1 ஹெர்ட்ஸ். நீண்ட ஸ்வரத்தின் நடுவே துருத்தி திரும்பும்போது அது காதில் படும். இரட்டிப்பாக வைத்த ஏ4, டி5 பட்டன்களையும் அவற்றின் இணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றை மாற்றி மாற்றித் தட்டப்போகிறோம்.

சில வாரம் வாசித்த பிறகு மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் அளந்து திருத்த வேண்டியிருக்கும். புது ரீடு வாசிக்க வாசிக்கத்தான் நிலைகொள்ளும்.

12. ஏதாவது சரியாக ஒலிக்காவிட்டால்

அரத்தைக் கடைசிவரை எடுக்காதீர்கள். தேய்த்த உலோகம் திரும்பி வராது.

ஒரு ஸ்வரம் ஒரு திசையில் மட்டும் பேசவில்லை என்றால் நாக்குக்கும் பிளவுக்கும் நடுவே தூசி சிக்கியிருக்கலாம். மெல்லிய தகடால் நாக்கை லேசாகத் தூக்கி விடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இரு திசையிலும் பேசவில்லை என்றால் ரீடை விட்டுவிட்டு பேடு உயர்கிறதா என்று பாருங்கள்.

எந்தப் பட்டனும் அழுத்தாமல் ஒரு ஸ்வரம் தானாக ஒலித்தால் பேடு சரியாக அமரவில்லை, அல்லது ஸ்பிரிங் நழுவியிருக்கிறது, அல்லது பட்டன் முகப்புத் துளையில் உரசி நிற்கிறது. முகப்பைக் கழற்றிய உடனே அது நின்றுவிட்டால் மூன்றாவதுதான் காரணம். துளையை அரை மி.மீ. பெரிதாக்குங்கள்.

ஸ்வரம் படபடவென்று அடித்தால் வால்வு சுருண்டிருக்கிறது. மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். எல்லா ஸ்வரங்களும் மந்தமாகப் பேசினால் ஒவ்வொரு ரீடாகப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் துருத்தியைத் தொங்கவிட்டு மறுபடி சோதியுங்கள். கசிவு மூலைத் தோலில் இல்லையென்றால், துருத்திக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள தோல் அடைப்பில் இருக்கும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் இறுக்கிப் பாருங்கள்.